கடைசி நாள் 12 என்று திருத்தியிருந்தோம்

2019 ஜூன் 17, திங்கட்கிழமை. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"அண்ணா, உங்க சைட்ல ஹாஸ்டல் அப்ளிகேஷனுக்கு 20-ஆம் தேதி கடைசின்னு போட்டிருக்கு. இங்க 12-ஆம் தேதியோட முடிஞ்சிருச்சுங்கிறாங்க. எதுண்ணா சரி?"

கல்லூரி அலுவலகத்தின் வாசலில் நின்று பேசுகிறார். பின்னால் அவருடைய அம்மாவின் குரலும் கேட்கிறது. ஒரு கையில் சோறோடு எழுந்துபோய் லேப்டாப்பைத் திறந்தேன். எங்கள் தளத்தில் 20 என்றுதான் இருந்தது. ஆனால் தேதியை 12-க்கு முன்னால் தள்ளிவிட்டார்கள் என்று தெரிந்த ஒரு மணி நேரத்திலேயே எங்கள் தோழர் அதைத் திருத்தியிருந்தார். அவர் திருத்தியதை நானே பார்த்தேன். பிறகு எப்படி மறுபடி 20 வந்தது?

அழித்தது நான்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஊருக்கு ஊர் இளைஞர்கள் இயக்கத்துக்கென்று தளம் தொடங்குகிறீர்கள். கல்வி உதவித்தொகை விவரம், வழக்கு விவரம், கூட்டத் தேதி என்று ஏற்றுகிறீர்கள். கணினி படித்த ஒரு தம்பியோ தங்கையோ அதைப் பார்த்துக்கொள்கிறார். அந்தத் தம்பிக்கும் தங்கைக்கும்தான் முக்கியமாக இதைச் சொல்கிறேன்.

எங்கள் தளத்தை நடத்தியது மூன்று பேர். உதவித்தொகை, விடுதிச் சேர்க்கைத் தேதிகள், படிவங்கள், விடுதி மாணவர்கள் புகார் எழுத ஒரு பெட்டி, அவ்வளவுதான் தளம். வேர்ட்பிரஸ்ஸில் செய்தது. பழைய வடிவம் போனில் சரியாகத் தெரியவில்லை. எங்கள் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் போனில்தான் படிக்கிறார்கள். அதனால் மே 18 அன்று தளம் முழுவதையும் என் லேப்டாப்பில் பிரதி எடுத்து, மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து புது வடிவம் செய்தேன். ஜூன் 9 ஞாயிறு இரவு முடித்தேன். லேப்டாப்பில் இருந்த டேட்டாபேஸை அப்படியே ஏற்றுமதி செய்து, சர்வரில் இருந்த டேட்டாபேஸின் மேல் இறக்குமதி செய்தேன். ஏற்றுமதி செய்யும்போது "பழைய அட்டவணை இருந்தால் நீக்கு" என்றொரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டிருந்தேன். போடாவிட்டால் பிழை காட்டியது, அதனால் போட்டேன். பிழை ஏன் வருகிறது என்று யோசிக்கவில்லை.

தளம் அழகாக இருந்தது. படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இதயங்கள் வந்தன. தூங்கிவிட்டேன்.

அந்த மூன்று வாரத்தில் என் லேப்டாப் மட்டுமா ஓடிக்கொண்டிருந்தது? சர்வரில் மற்ற இரண்டு தோழர்களும் தினமும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 31 பதிவுகள். மாணவர்கள் அனுப்பிய 19 புகார்கள். 20-ஐ 12 ஆக்கிய அந்த ஒரு திருத்தம். எல்லாம் போய், தளம் மே 18-க்குத் திரும்பிவிட்டது. 11-ஆம் தேதியே ஒரு தோழர் தன் பதிவைக் காணோம் என்று கவனித்திருக்கிறார். புது வடிவத்துக்காக நான் ஒளித்துவைத்திருப்பேன் என்று நினைத்துக் கேட்காமல் விட்டுவிட்டார். கணினி தெரிந்தவன் செய்தால் காரணம் இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நாம்தான் உடைக்க வேண்டும்.

சர்வர் கம்பெனி வாரம் ஒருமுறை பேக்கப் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். பழைய பேக்கப்பின் மேலேயே புதியதை எழுதிவிடும் என்பது 17-ஆம் தேதிதான் தெரிந்தது. அதற்குள் ஒரு வாரம் கடந்திருந்தது. புகார்கள் 19-ம் பிழைத்தன, படிவம் நிரப்பினால் எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வரும்படி வைத்திருந்ததால். பதிவுகளை கூகுள் வைத்திருந்த பழைய பிரதியிலிருந்தும், வாட்ஸ்அப்பில் பகிர்ந்ததிலிருந்தும், ஒரு தோழரின் போனில் மூடாமல் கிடந்த பக்கத்திலிருந்தும் 22 மீட்டோம். ஒன்பது போனது போனதுதான்.

அந்தத் தங்கைக்கு அந்த ஆண்டு விடுதி கிடைக்கவில்லை. கல்லூரிக்குப் போய்ப் பேசிப் பார்த்தோம். யாரோ நடத்தும் தளத்தில் தேதி தப்பாக இருந்ததற்கு நாங்கள் என்ன செய்வது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டு பஸ் மாறி, போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என்று முதலாண்டு முழுக்க அவர் போய் வந்தார்.

ஒரு தளத்தில் இரண்டு விதமான பொருள்கள் இருக்கின்றன. ஒன்று நாம் செய்வது: வடிவம், தீம், பிளகின், நிரல். இன்னொன்று மக்கள் எழுதுவது: பதிவு, திருத்தம், புகார், கருத்து. முதலாவது நம் லேப்டாப்பில் பிறந்து சர்வருக்குப் போக வேண்டும். இரண்டாவது சர்வரில் பிறக்கிறது, அங்கிருந்துதான் லேப்டாப்புக்கு வர வேண்டும். நிரல் மேலே போகும், எழுத்து கீழே வரும். எதிர்த்திசையில் தள்ளினால் யாரோ எழுதியது அழியும். அன்று இரவு நான் ஏற்ற வேண்டியிருந்தது தீம் இருந்த ஒரே ஒரு ஃபோல்டர். டேட்டாபேஸைத் தொட்டிருக்கவே கூடாது.

சொல்ல எளிது. சிக்கல் நடுவில் கிடக்கும் மூன்றாவது பொருளில் இருக்கிறது: அமைப்புகள். மெனுவில் என்ன வரிசை, முகப்பில் எத்தனை பதிவு, படிவத்தில் என்ன கேள்வி என்பதெல்லாம் நாம் செய்வதுதான். ஆனால் வேர்ட்பிரஸ் அவற்றையும் மக்கள் எழுதியதோடு ஒரே டேட்டாபேஸில் போட்டுவைக்கிறது. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் "எல்லாவற்றையும் அப்படியே தூக்கிப் போட்டுவிடலாம்" என்று இறங்குகிறோம். ட்ரூபல் 2015-இல் வந்த 8-ஆம் பதிப்பில், அமைப்புகளைத் தனிக் கோப்புகளாக எடுத்து ஏற்றும் வசதியைச் செய்தது. வேர்ட்பிரஸ்ஸில் நான் செய்வது நோட்டு வைத்தியம். லேப்டாப்பில் எந்த அமைப்பை மாற்றினாலும் 40 பக்க நோட்டில் ஒரு வரி எழுதிவிடுவேன். ஏற்றும் நாளில் அதைப் பார்த்து சர்வரில் கையால் திரும்பச் செய்வேன். அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

கீழே கொண்டுவருவதிலும் பள்ளம் உண்டு. டேட்டாபேஸுக்குள் தளத்தின் முகவரி நூற்றுக்கணக்கான இடத்தில் எழுதப்பட்டிருக்கும். அதை லேப்டாப்பின் முகவரியாக மாற்ற வேண்டும். நோட்பேடில் திறந்து மொத்தமாக மாற்றிவிடத் தோன்றும். வேண்டாம். சில அமைப்புகளை வேர்ட்பிரஸ் நீளத்தோடு சேர்த்து எழுதிவைக்கிறது, "அடுத்து வருவது 15 பைட்" என்கிற மாதிரி. முகவரியின் நீளம் மாறி, எழுதிவைத்த எண் மாறாமல் இருந்தால் அந்த அமைப்பையே அது படிக்காது. டபிள்யூபி-சிஎல்ஐ கருவியில் இருக்கும் தேடி-மாற்றும் கட்டளை அந்த எண்ணையும் சேர்த்துத் திருத்தும். எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் வசதியும் அதில் இருக்கிறது. முதலில் ஒத்திகை பாருங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். "தமிழ்" என்ற சொல்லில் குறிகள் ஐந்து, ஆக 15 பைட். பிரதி எடுக்கும் இடமும் இறக்கும் இடமும் ஒரே எழுத்து முறையில் இல்லையென்றால் தமிழ் சிதையும். à® என்பது போன்ற கிறுக்கல் வந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் மீட்கலாம். வரிசையாகக் கேள்விக்குறி வந்தால் எழுத்து போய்விட்டது, அந்தப் பிரதியிலிருந்து திரும்ப வராது. வேர்ட்பிரஸ் 2015-இல் 4.2 பதிப்பிலிருந்து யூடிஎஃப்8எம்பி4 முறைக்கு மாறிவிட்டது. பழைய தளமாக இருந்தால் உங்களுடையது எதில் இருக்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகு 2022-இல் இன்னொரு தப்பு செய்தேன். முதல் தப்பைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இதைச் சொல்ல இருக்கிறது.

இந்த முறை ஒழுங்காக சர்வரிலேயே தனி ஃபோல்டரில் ஒரு சோதனைத் தளம் போட்டேன். மேலேயிருந்து கீழே, சரியான திசையில்தான் டேட்டாபேஸைக் கொண்டுவந்தேன், புகார்களோடு சேர்த்து. புகார்களை எப்படி வரிசைப்படுத்திக் காட்டலாம் என்று பார்ப்பதற்காகக் கடவுச்சொல் இல்லாமல் ஒரு பக்கம் செய்தேன். முகவரி யாருக்குத் தெரியப்போகிறது என்ற நினைப்பு. பிரதியோடு வந்த ஒரு பிளகின், தளத்தில் இருக்கும் பக்கங்களின் பட்டியலைத் தானாகவே தேடுபொறிகளுக்குச் சொல்லிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவர் அழைத்தார். கூகுளில் தன் பெயரைத் தேடியிருக்கிறார். விடுதிச் சாப்பாடு பற்றியும் வார்டன் பேசும் பேச்சு பற்றியும் அவர் எழுதிய புகார், பெயர், அறை எண், போன் எண்ணோடு முதல் பக்கத்தில் இருக்கிறது.

"அண்ணா, வார்டன் பாத்திருந்தா என்ன பண்றது?"

என்னிடம் பதில் இல்லை. ஐந்து நிமிடத்தில் ஃபோல்டரை நீக்கினேன். தேடலிலிருந்து எடுக்கச் சொல்லி கூகுளுக்கு விண்ணப்பித்தேன். பிறகு அந்தப் பட்டியலில் இருந்த 43 பேருக்கும் ஒவ்வொருவராக போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அதற்கு இரண்டு நாள் ஆனது. சிலர் பரவாயில்லை அண்ணா என்றார்கள். ஒருவர் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். அவர் அதன் பிறகு எங்களுக்கு எதுவும் எழுதவில்லை.

நம் தளங்களில் இருப்பவை சாதாரணப் பெயர்கள் இல்லை. வாடகை வீடு கேட்டுப் போனவர் பெயர், சாட்சி சொல்லப் போகிறவர் பெயர். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது முன்பு ஐபிசி 228ஏ, இப்போது பிஎன்எஸ் 72-ஆம் பிரிவின்படி குற்றம். சிறார் என்றால் போக்சோ 23-ஆம் பிரிவும் இருக்கிறது. ஆகவே கீழே கொண்டுவரும் பிரதியில் முதல் வேலையாகப் பெயர், போன், மின்னஞ்சல் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன்: மாணவர் 1, மாணவர் 2 என்று. புகாரின் உள்ளே எழுதியிருக்கும் பெயர்களை எந்தக் கருவியும் பிடிக்காது, அதனால் புகார் வாசகத்தையே நீக்கிவிட்டுப் பொய் வாசகம் நிரப்புகிறேன். சோதனைத் தளத்துக்கு சர்வர் அளவிலேயே கடவுச்சொல். "தேடுபொறிகள் வர வேண்டாம்" என்ற கட்டத்தில் டிக் போடுவது மட்டும் பூட்டு ஆகாது, அது வெறும் வேண்டுகோள். அந்த டிக் தப்பித் தவறி உண்மைத் தளத்துக்குப் போய்விட்டால் கூகுளில் நீங்களே மெல்லக் காணாமல் போவீர்கள். ஏற்றிய உடனே அதைப் பாருங்கள்.

மின்னஞ்சலையும் அணைத்துவிடுங்கள். இதில் ஒரு வேடிக்கை. சோதனைத் தளத்தில் படிவத்தைப் பரிசோதிக்க "சோறு வேகல சோறு வேகல" என்று அடித்து அனுப்பினேன். புகாரின் நகல் ஓர் அரசு அலுவலகத்துக்கும் போகும்படி உண்மைத் தளத்தில் வைத்திருந்த ஏற்பாடு பிரதியிலும் அப்படியே இருந்தது. மறுநாள் காலையே எந்த விடுதி என்று கேட்டுப் பதில் வந்தது. உண்மையான புகார் எதற்கும் அத்தனை வேகத்தில் பதில் வந்ததில்லை.

இது பெரிய கம்பெனிகளுக்கும் நடக்கிறது. 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரின் டேட்டாபேஸை நீக்கினார். சுமார் 300 ஜிபி. வழக்கமான பேக்கப் வேலை செய்யவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள் யாரையும் சென்றடையவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் சோதனை சர்வருக்காக ஒருவர் கையால் எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் மக்கள் எழுதியது போய்விட்டது. நடந்ததையெல்லாம் அவர்கள் ஒளிக்காமல் எழுதிப் பொதுவில் வைத்தார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

அதைப் படித்த பிறகு பேக்கப்பை எடுப்பதோடு நிறுத்துவதில்லை, மாதம் ஒருமுறை லேப்டாப்பில் விரித்துப் பார்க்கிறேன். பேக்கப் சர்வரிலேயே இருக்காது. ஒன்று என்னிடம், ஒன்று இன்னொரு தோழரிடம், இரண்டும் பூட்டிய டிஸ்க்கில். உண்மைத் தளத்தின் நிர்வாகப் பக்கத்துக்குச் சிவப்புப் பட்டை, சோதனைத் தளத்துக்குப் பச்சை. தூக்கக் கலக்கத்தில் முகவரியைப் படிக்க மாட்டோம், நிறம் தெரியும். ஏப்ரல் 14-க்கு முந்தின இரவு புது வடிவம் ஏற்ற வேண்டும் என்று யார் கேட்டாலும் முடியாது என்கிறேன்.

வரும் ஞாயிறு சர்வர் மாற்றுகிறோம். இரவு 10 மணி முதல் 12 வரை தளத்தில் யாரும் எதுவும் எழுத வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. புகார்ப் பெட்டியை அந்த நேரத்துக்கு மூடிவிட்டு, அவசரமென்றால் அழைக்க போன் எண்ணைப் போட்டிருக்கிறேன். திங்கள் காலை மூவரும் அவரவர் கடைசியாகத் திருத்திய பக்கத்தைத் திறந்து பார்ப்பதாக ஏற்பாடு. நீங்கள் பார்க்கும்போது ஏதாவது ஒரு தேதி பழையதாகத் தெரிந்தால் யோசிக்காமல் கூப்பிடுங்கள்.