ஐந்து நிமிட ஆயுள்

சுயாதீனக் கணினி விளையாட்டுகள் சிலவற்றை அண்மையில் ஆடிப் பார்த்தோம். பெரும்பாலானவை நம் பொறுமைக்கு அப்பாற்பட்டவை. ஜேசன் ரோரர் 2007இல் உருவாக்கிய 'பாசேஜ்' மட்டும் மனத்தைவிட்டு அகலவில்லை.

100க்கு 16 புள்ளிகளே கொண்ட, நாடாவைப் போன்ற திரை. இடமிருந்து வலமாக நடக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஆயுள் முடிந்துவிடும். தொடக்கத்திலேயே ஒரு பெண் நிற்கிறாள். தொட்டால் துணையாகிறாள். அதன்பின் இருவர் சேர்ந்து நுழைய முடியாத இடுக்குகளுக்கு அப்பாலுள்ள புதையற்பெட்டிகள் நமக்கில்லை. இதை யாரும் சொல்வதில்லை. முட்டி நிற்கும்போதுதான் விளங்குகிறது. மெல்ல முதுமை வருகிறது. முன்னே மங்கலாய் நீண்டிருந்த வழி சுருங்கி, கடந்துவந்த வழி பின்னால் மங்கலாய் நீள்கிறது. சட்டென்று அவள் நின்ற இடத்தில் ஒரு கல்லறை. பிறகு நம் நடையும் தளர்கிறது.

நான்கு முதல் எட்டு அடிகளுக்குள் அமையும் குறுந்தொகையைப் பயிற்றுவிக்கும் நமக்கு இச்சுருக்கம் அந்நியமாகப் படவில்லை. மூலையில் ஏறிக்கொண்டே போகும் மதிப்பெண்தான் உறுத்தியது. (விடைத்தாள் திருத்திச் சலித்த கண்கள்!)

மறுமுறை அவளை விலக்கி நடந்தோம். எல்லா இடுக்குகளிலும் நுழைய முடிந்தது; பெட்டிகளும் கூடுதலாய்க் கிடைத்தன. முடிவில் கல்லறை ஒன்றுதான்.

எம் துணைவியாரும் ஒருமுறை ஆடினார். பெட்டிகளின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.