மாட்டை விட்டுவிட்டு இரண்டு நாள் தரங்கம்பாடியில்

பெரம்பலூர் மாவட்டம், செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் போடும் ஒரு தம்பதி. மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம், ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று, கன்று ஒன்று. கல்யாணமாகி இந்தத் தை மாதத்தோடு 30 வருடம். இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. கல்யாணமோ, காதுகுத்தோ, சாவோ, ஒருவர் போவார். ஒருவர் மாட்டுக்கு இருப்பார். கறவை மாடு வைத்திருக்கும் எல்லா வீட்டுக் கதையும் இதுதான்.

திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், கல்யாண நாளுக்காகத் தரங்கம்பாடியில் அறைக்குப் பணம் கட்டிவிட்டுப் போனில் சொன்னான். அம்மா கேட்ட முதல் கேள்வி: "செவலைய யாருடா கறப்பா?"

கேள்வி நியாயமானது. பழகிய கையும் குரலும் இருந்தால்தான் பசுவின் உடம்பில் ஆக்ஸிடோசின் சுரந்து பால் இறங்கும். சுரப்பு நிற்பதும் சில நிமிடம்தான். புது ஆளைக் கண்டு மிரண்டால் பாலை அடக்கிக்கொள்ளும். மடியில் பால் தங்கினால் மடிநோய்க்கும் வழி. இதற்குப் பயந்து ஊசி போட்டுக் கறப்பவர்கள் உண்டு. அந்தத் தவறை யாரும் செய்யக் கூடாது.

அந்த அம்மா செய்தது வேறு. பக்கத்து வீட்டு அக்காவை ஒரு வாரம் முன்பே தொழுவத்துக்கு அழைத்தார். முதல் இரண்டு நாள் அக்கா பருத்திக்கொட்டை வைத்துத் தடவிக் கொடுத்ததோடு சரி. மூன்றாம் நாள் இரண்டு காம்பு அவர், இரண்டு காம்பு இவர். ஐந்தாம் நாள் அக்கா தனியாகவே கறந்தார், இந்த அம்மாவின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு. வழக்கமாகக் காலையில் ஆறு லிட்டர், அன்றைக்கு நாலரை. "பரவால்ல, போயிட்டு வா" என்றார் அக்கா.

பஸ் ஜெயங்கொண்டம், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறை போனது. கும்பகோணம் தாண்டியதும் கணவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. சம்பா அறுப்புக்கு நிற்கிறது. அதே வயலுக்குள் ஆட்கள் எதையோ வீசிக்கொண்டிருந்தார்கள். மானாவாரிச் சீமைக்காரருக்குப் புரியவில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் விளக்கினார்: அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, ஈரம் காய்வதற்குள் உளுந்தோ பச்சைப்பயறோ நெல்லுக்குள்ளேயே தெளித்துவிடுவார்கள். ஏக்கருக்கு 10, 12 கிலோ விதை. அப்புறம் உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது. மண்ணின் மிச்ச ஈரமும் பனியும் போதும்.

"அறுக்கிற மெஷின் ஏறினா முளை நசுங்காதா?"

"நசுங்கும். அதுக்குத்தான் விதையக் கொஞ்சம் கூடப் போடறது."

திருக்கடையூரில் பாதி பஸ் இறங்கியது. அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த கூட்டம். "நீங்க இறங்கலையா?" என்று கண்டக்டர் கேட்டார். "அறுபதுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்குங்க" என்று அம்மா சிரித்தார்.

தரங்கம்பாடிக்குள் நுழைய 1792இல் கட்டிய வாசல் இருக்கிறது. ராஜ வீதியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். 1706இல் வந்த சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். அவர் முயற்சியால் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது இந்த ஊரில். வீதி முடிந்தால் கடல். கரையில் டேனியர் 1620இல் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி அவ்வளவு தூரத்திலிருந்து அவர்கள் வந்தது முக்கியமாக மிளகுக்காக. "நம்ம வெங்காயத்துக்கு எவனும் கப்பல்ல வரல" என்றார் கணவர். 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

கோட்டையைவிட அம்மாவை நிறுத்தியது மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலையைத் தடுக்கக் கரையில் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். வாய்க்கால் உடைப்புக்கு மண்மூட்டை அடுக்கிப் பழகியவருக்கு அந்தப் பாறைகளின் அர்த்தம் சொல்லாமலே தெரிந்தது.

டீக்கடையில் பேச்சு 2004 சுனாமிக்குப் போனது. போன உயிர்களைப் பற்றி அதிகம் பேச யாருக்கும் மனமில்லை. வயல்களைப் பற்றிக் கணவர் கேட்டார். உப்பு ஏறிய நிலத்தில் வரப்பை உயர்த்தி, மழைநீரைத் தேக்கித் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதுதான் மீட்டார்களாம். கிணற்று உப்பு கரிக்கும் நம் ஊர் நிலத்துக்கும் நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தால் இதே வைத்தியம்தான்.

மறுநாள் காலை நாலு மணிக்கே அம்மாவுக்கு விழிப்பு வந்துவிட்டது. கறவை நேரம். கடற்கரைக்குப் போனார்கள். இருட்டில் அலைச் சத்தம் மட்டும். தூரத்தில் படகு விளக்குகள். இருவரும் மணலில் உட்கார்ந்தார்கள், பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நாம ரெண்டு பேரும் விடியறதச் சும்மா உக்காந்து பாத்ததே இல்லீங்க" என்றார் அம்மா. கணவர் பதில் சொல்லவில்லை. தன் துண்டை எடுத்து அவர் தோளில் போர்த்தினார்.

ஐந்தரைக்குப் போன் வந்தது. செவலை பால் இறக்கவில்லை, காலை உதறுகிறது. "போனை அது காதுகிட்ட வைங்கக்கா" என்றார் அம்மா. பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே, "ஏ செவலை, நில்லுடி, அம்மாதான், நில்லுடி" என்று தினமும் தொழுவத்தில் பேசுவதையெல்லாம் பேசினார். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். பத்து நிமிடம் கழித்து அக்கா சொன்னார்: "நாலே கால் லிட்டர்." குரல் கேட்டா, வயிற்றுப் பசிக்குத் தவிடு வைத்தா, எதற்கு இறங்கியதோ, செவலைக்குத்தான் தெரியும். வெளிச்சம் வந்து சூரியன் மேலேறும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் வீடு வந்ததும் சேலைகூட மாற்றாமல் அம்மா தொழுவத்துக்குப் போனார். முந்தானையிலிருந்து மணல் உதிர்ந்தது. அக்கா கருவாட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே சொன்னார்: "மாசிக் கடைசில நாங்க வேளாங்கண்ணி போறோம். எங்க எருமை உங்கிட்ட நிக்குமா?"

"நாளைக்குக் காலையிலருந்தே வர்றேன்கா. உங்க பழைய சேலை ஒண்ணு எடுத்து வைங்க."