பெயர் எழுதப்படாத கட்டம்

நுழையும்முன்

கோப்புகளும் பதிவேடுகளும் உயிரற்றவை என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும், ஒரு படிவத்தில் படிக்காமல் விடப்பட்ட ஒரு வரி, ஓர் உயிரோடு தொடர்புடையதாக இருந்துவிடலாம். செஞ்சி வட்டாரத்தில் பச்சிளங்குழந்தைகள் நலத் தணிக்கைத் திட்டமொன்றில் அலுவலகப் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் நினைவுகள் இப்பாடமாக அமைகின்றன.

காத்திருந்த காலம்

1996ஆம் ஆண்டு. தமிழில் முதுகலையும் கல்வியியலும் முடித்து, விழுப்புரம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்துவிட்டு, ஆசிரியப் பணிக்கான அழைப்பை எதிர்பார்த்திருந்தேன். பதிவு மூப்பு வரும்வரை வீட்டில் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. அந்நாளில் செஞ்சியில் இயங்கிய தொண்டு நிறுவனம் ஒன்று, சுற்றுப்புறச் சிற்றூர்களில் பிறக்கும் குழந்தைகளை முதல் 28 நாள்கள் கண்காணித்து வந்தது. அத்திட்டத்தின் அலுவலகத்தை நிருவகிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. "கையெழுத்து அழகாக இருக்கிறது; கணக்கும் வருமா?" என்று கேட்டார் திட்டத்தை நடத்திய மருத்துவர் அம்மையார். வரும் என்றேன். மறுநாளே பணியில் சேர்ந்தேன்.

திருவண்ணாமலைச் சாலையில், ஓட்டுக் கூரையிட்ட இரண்டு அறைகளே எங்கள் அலுவலகம். சன்னலைத் திறந்தால் ராசகிரி தெரியும். ராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்துக் கட்டிய கோட்டை அது. படைகள் வந்ததையும் போனதையும் வரலாறு ஆண்டுவாரியாக எழுதி வைத்திருக்கிறது. 1677இல் சிவாசி கைப்பற்றினார். 1698இல் முகலாயர் வசமாயிற்று. 1714இல் தேசிங்குராசன் போரில் மாண்டான். குன்றின் அடிவாரத்தில் பெரியதொரு களஞ்சியம் இன்றும் நிற்கிறது. முற்றுகைக் காலத்தில் எத்தனை மூட்டை நெல் இருக்கிறது என்பதைத் துல்லியமாக எண்ணி வைப்பது அரசின் உயிர்நிலைக் கடமையாக இருந்திருக்கும். நெல்லை எண்ணிய அந்த மண்ணில், பிறந்த சில நாள்களிலேயே மறைந்துபோன குழந்தைகளை எண்ணியவர் யார்? எங்கள் திட்டம் எழுப்பிய வினா அதுதான்.

எண்ணப்படாத உயிர்கள்

அக்காலத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை ஓராண்டை எட்டுமுன் இறந்தன. அவற்றுள் பெரும்பகுதி முதல் மாதத்திலும், அதிலும் முதல் ஏழு நாள்களிலும் நிகழ்ந்தது. ஆனால், ஊர்ப் பதிவேடுகளில் இவ்விறப்புகள் பல இடம்பெறுவதில்லை. வீட்டில் பிறந்து, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இறந்த குழந்தைக்குப் பிறப்பும் எழுதப்படவில்லை, இறப்பும் எழுதப்படவில்லை. சில வேளைகளில், ஓரிரு முறை மூச்சுவிட்டு அடங்கிய குழந்தையைக்கூட 'செத்துப் பிறந்தது' என்று சொல்லி முடித்துவிடுவர். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நடைமுறையில் இருந்தும், பெயர் சூட்டப்படாத பிள்ளைக்கு எதற்குப் பதிவு என்ற எண்ணம் ஊரில் ஊறிக் கிடந்தது.

தமிழாசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு இது வியப்பாக இருந்தது. பிள்ளைத்தமிழ் இலக்கியம் காப்புப் பருவத்தோடு தொடங்குகிறது. அது குழந்தையின் மூன்றாம் திங்களுக்கு உரியது. அதற்கு முந்தைய நாள்களைப் புலவரும் பாடவில்லை. ஒருவேளை, பிழைக்குமா என்னும் அச்சம் தீர்ந்த பின்னரே குழந்தையைப் பாட வேண்டும் என்று நம் முன்னோர் கருதினரோ என்று நினைத்துக்கொள்வேன். மற்றொரு பக்கம், சேரமான் கணைக்கால் இரும்பொறையின் புறநானூற்றுப் பாடல் நினைவுக்கு வரும். இறந்து பிறந்த குழந்தையையும் மறக்குடியில் ஓர் ஆளாகவே கருதி வாளால் கீறி அடக்கம் செய்த வழக்கத்தை அது கூறுகிறது. உயிரோடு ஒரு நாளும் வாழாத பிள்ளையையும் கணக்கில் கொண்ட சமூகத்தின் வழித்தோன்றல்கள் நாம்.

படிவங்களின் உலகம்

எங்கள் களப்பணியாளர்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு படித்த உள்ளூர்ப் பெண்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு தொங்கு தராசு, ஒரு வெப்பமானி, ஒரு கைக்கடிகாரம், ஒரு கட்டுப் படிவம் இருக்கும். குழந்தையின் எடை 2500 கிராமுக்குக் குறைகிறதா, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் தரப்பட்டதா, ஒரு நிமிடத்தில் மூச்சு அறுபதைத் தொடுகிறதா, உடல் சில்லிட்டிருக்கிறதா என்று பார்த்து எழுதுவர். வாரத்தில் இரு நாள்கள் பேருந்தேறி வந்து படிவங்களை ஒப்படைப்பர். அவற்றைச் சரிபார்ப்பதும், பேரேட்டில் ஏற்றுவதும், பயணப்படி வழங்குவதும், வண்டியை எந்த ஊருக்கு அனுப்புவது என்று முறைப்படுத்துவதும் என் வேலை. ஊரில் தொலைபேசி அரிது. ஆபத்தான அறிகுறி தென்பட்டால் பணியாளர் படிவத்தின் அடியில் குறிப்பு எழுதுவார். அலுவலகம் வண்டி அனுப்பும். இதுவே ஏற்பாடு.

தணிக்கை என்றதும் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை என்றே முதலில் நினைத்தேன். மருத்துவர் அம்மையார் திருத்தினார். "எப்படி நடக்க வேண்டும் என்று முதலில் எழுதி வைத்துக்கொள்கிறோம். எப்படி நடந்தது என்று அளக்கிறோம். இடைவெளி இருந்தால் வழியை மாற்றுகிறோம். மாற்றியபின் மறுபடியும் அளக்கிறோம். இந்த நான்கும் சேர்ந்ததுதான் தணிக்கை. ஆளைத் தேடுவது அன்று, வழியைத் தேடுவது" என்றார்.

என் மேசையில் கிடந்த படிவம்

படிவங்களில் ஒரு கட்டமும் காலியாக இருக்கக்கூடாது என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன். முழுமையற்ற படிவங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவேன். 'தொண்ணூற்றெட்டு விழுக்காடு நிறைவு' என்று மாத அறிக்கையில் எழுதுவதில் எனக்கொரு பெருமிதம் இருந்தது.

ஐப்பசி மாதம், விடாத மழை. ஒரு செவ்வாய்க்கிழமை வந்த படிவமொன்றில் வீட்டு எண் இல்லை. பணியாளரின் கையொப்பமும் விடுபட்டிருந்தது. குழந்தையின் பெயருக்குரிய கட்டமும் காலி. மூன்றையும் வட்டமிட்டேன். திருப்பி அனுப்பவேண்டிய தட்டில் போட்டேன். அடுத்து அப்பணியாளர் வரும் நாள் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். படிவத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அக்கா, வண்டி வரும்னு பாத்துக்கிட்டே இருந்தோம். நேத்து விடியக்காலையில குழந்தை போயிடுச்சு" என்றார்.

அப்போதுதான் படிவத்தின் அடிப்பகுதியைப் படித்தேன். 'எடை 1900. மூன்றாம் நாள். பால் குடிக்கவில்லை. கை கால் சில்லிட்டிருக்கிறது. வண்டி தேவை.' மழையில் நனைந்து மை சற்றே பரவியிருந்தாலும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாகவே இருந்தது. காலியாக இருந்தவற்றை மட்டுமே தேடிய என் கண்கள், எழுதப்பட்டிருந்ததைப் படிக்கவில்லை.

வண்டி சென்றிருந்தால் அக்குழந்தை பிழைத்திருக்குமா? எவராலும் உறுதியாகக் கூற இயலாது. ஆனால், அந்த வாய்ப்பு மூன்று நாள்கள் என் மேசைத் தட்டில் கிடந்தது என்பது மட்டும் உறுதி.

அம்மாத ஆய்வுக் கூட்டத்தில் இந்த இறப்பும் பேசப்பட்டது. பிறர் சொல்லுமுன் நானே எழுந்து நடந்ததைக் கூறினேன். எவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அது எனக்குக் கடிந்துகொள்வதைவிடக் கடினமாக இருந்தது. மருத்துவர் அம்மையார் கரும்பலகையில் இரண்டு வரிகள் எழுதினார். ஆபத்துக் குறிப்பு இனிப் படிவத்தின் தலைப்பகுதியில் இடம்பெறும். அவ்வாறு குறிக்கப்பட்ட படிவம் எத்தனை கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பப்படாது. அன்றே வண்டி புறப்படும். அதன்பின், படிவம் வந்த நேரத்தையும் வண்டி புறப்பட்ட நேரத்தையும் தனியே ஒரு பேரேட்டில் எழுதத் தொடங்கினேன். அதுவரை குழந்தைகளை அளந்த தணிக்கை, அன்றுமுதல் எங்களையும் அளந்தது.

அந்த வீட்டில்

இரு வாரம் கழித்து அவ்வீட்டுக்குச் சென்றேன். இறப்புக்கான காரணங்களைக் குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுவது தணிக்கையின் ஒரு பகுதி. அதற்குரிய ஊழியர் இருந்தும், நானும் உடன் வருவேன் என்று சொல்லிவிட்டேன். தாழ்வாரத்தில் ஆயா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். இளந்தாய் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். படிவம் மூன்று நாள்கள் என்னிடம் கிடந்ததைச் சொன்னேன். ஆயா உலக்கையை நிறுத்தினார். நெடுநேரம் பேச்சில்லை.

"பேரு என்னன்னு எழுதணும், ஆயா" என்றார் உடன் வந்த ஊழியர்.

"பதினாறு ஆனாத்தானேம்மா பேரு வைப்போம்? அது ஏது பேரு" என்றார் ஆயா.

அதுவரை பேசாதிருந்த அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, அந்தத் தாளுல புள்ளையோட எடை எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கும்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிராம்."

அவள் அந்த எண்ணை மெல்லத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். "போட்டோகூட இல்லக்கா. இருந்தான்னு எங்கியாவது எழுதி இருக்கில்ல" என்றாள். அவள் என்னை மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிவும் எனக்கு வரவில்லை.

அலுவலகம் திரும்பியதும் பேரேட்டை எடுத்தேன். பெயருக்குரிய கட்டத்தில் 'இல்லை' என்று எழுதுவது வழக்கம். அன்று, 'பெயர் சூட்டுமுன் இறந்த ஆண் குழந்தை. ஐந்து நாள் வாழ்ந்தான்' என்று எழுதினேன்.

தெரிந்து தெளிவோம்

மராட்டிய மாநிலம் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர், சிற்றூர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்து வீடுதேடிச் சென்று பச்சிளங்குழந்தைகளைப் பேணும் முறையை 39 ஊர்களில் செயற்படுத்தினர். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததென்னும் ஆய்வு முடிவு 1999இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. 2011இல் இந்திய அரசு இம்முறையை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. குழந்தை இறப்புகளை ஆய்வு செய்வதற்கான வழிகாட்டு நெறிகள் 2014இல் வெளியிடப்பட்டன.

இன்று

அடுத்த ஆண்டே ஆசிரியப் பணி கிடைத்தது. தமிழ்நாடும் நெடுந்தொலைவு வந்துவிட்டது. மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் முதல் 28 நாள்களில் இறப்பவை இந்திய அளவில் 20; தமிழ்நாட்டில் 9. செவிலியர், மருத்துவர், சிறப்புப் பராமரிப்புப் பிரிவுகள், சாலைகள், பெண்கல்வி எனப் பலவும் சேர்ந்து இதனை நிகழ்த்தின. எங்கோ ஒரு மேசையில் அமர்ந்து, வந்த தாளை அன்றே படித்த முகம் தெரியாத ஊழியர்களுக்கும் இதில் பங்குண்டு.

விடைத்தாள் திருத்தும்போது, எழுதப்படாத விடைகளை நோக்கியே கை விரைகிறது. அப்போதெல்லாம் நான் சற்று நிறுத்தி, அம்மாணவர் எழுதியிருப்பதை முதலில் படிக்கிறேன். மழையில் மை பரவிய ஒரு தாள் எனக்குக் கற்பித்த பாடம் அது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அக்காலத்தில் குழந்தைப்பேறும் குழந்தை வளர்ப்பும் எவ்வாறு இருந்தன எனக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'தணிக்கை என்பது ஆளைத் தேடுவது அன்று, வழியைத் தேடுவது' – இக்கருத்தை உங்கள் பள்ளி வாழ்வின் நிகழ்வொன்றோடு பொருத்தி வகுப்பறையில் கலந்துரையாடுக.