கடல் தண்ணீரில் ஒரு கண்ணாடி மாளிகை



கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் நம் வீட்டில் முதலில் போடும் கணக்கு என்ன? பஸ் காசுதானே! அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் எழுந்த ஒரு குளியல் மாளிகையின் கதையிலும் அந்தக் கணக்கு உண்டு.

அதைக் கட்டியவர் அடால்ஃப் சுட்ரோ. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். வெள்ளிச் சுரங்கப் பகுதியில் நீண்ட குகைப்பாதை வெட்டிப் பொருள் சேர்த்தவர். 1896 மார்ச் மாதம், பசிபிக் கடலோரப் பாறைச் சரிவில் அவருடைய மாளிகை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 500 அடி, அகலம் 250 அடி. இரும்புச் சட்டங்களின்மேல் கண்ணாடிக் கூரை. உள்ளே ஏழு குளங்கள். ஒன்றில் நல்ல தண்ணீர், ஆறில் கடல் தண்ணீர். பெரிய குளம் கடலைப் போலவே குளிர்ந்திருக்கும். மற்றவற்றில் வெவ்வேறு அளவில் சூடு.

தண்ணீர் எப்படி வந்தது தெரியுமா? கடல் ஏறும்போது அலைநீர் பாறையோரத் தொட்டியில் விழுந்து, வாய்க்கால் வழியாகக் குளங்களுக்கு ஓடிவரும். 17 லட்சம் கேலன் தண்ணீரை ஒரே மணி நேரத்தில் கடலே நிரப்பிவிடும்! கடல் இறங்கியிருக்கும்போது மட்டும் பம்பு வேலை செய்யும்.

ஏழைகளும் அங்கே வரவேண்டும் என்று சுட்ரோ விரும்பினார். ஆனால் நகரிலிருந்து வர ரயிலுக்கு 10 சென்ட் ஆயிற்று. அது தொழிலாளிக்குப் பாரம் என்று ரயில் கம்பெனியோடு போராடினார். முடிவில், 5 சென்ட் கட்டணத்தில் தாமே ஒரு மின்சார ரயில் பாதை போட்டார்.

அப்படிப்பட்டவரின் மாளிகையிலும் ஒரு குறை இருந்தது. 1897இல் ஜான் ஹாரிஸ் என்ற கறுப்பினத்தவர் சீட்டு வாங்கியும், நிறத்தைக் காட்டி அவரைக் குளத்தில் இறங்க விடவில்லை. அவர் தலைகுனிந்து வீடு திரும்பிவிடவில்லை, வழக்குத் தொடுத்தார். பொது இடங்களில் அனைவருக்கும் சம உரிமை என்ற சட்டம் கலிபோர்னியாவில் அந்த ஆண்டுதான் வந்திருந்தது. நீதிமன்றம் ஹாரிஸ் பக்கம் தீர்ப்புச் சொல்லி, 100 அமெரிக்க வெள்ளி இழப்பீடு கொடுக்க வைத்தது.

இவ்வளவு பெரிய கட்டடத்தைப் பராமரிக்கும் செலவு தாளவில்லை. பிற்காலத்தில் அது பனிச்சறுக்குத் தளமாக மாறியது. 1966இல் இடித்துக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து அழிந்தது. இன்று தேசியப் பூங்காவின் ஒரு பகுதியாக, சிதைந்த சுவர்களும் தேங்கிய நீருமே மிச்சம். சீட்டு இல்லை, யாரும் போய்ப் பார்க்கலாம்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது, மாளிகை கட்டிய சுட்ரோவின் பெயரோடு, அதன் கதவைத் திறக்க வைத்த ஹாரிஸின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.