லைன் போன ஆட்டம்

ஜொகூரில் பிற்பகல் மழை பெரும்பாலும் இடி மின்னலோடுதான் வரும். கூலாயில் நான் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து இணையத்தில் ஆட உட்காரும் நேரமும் அதுவே. வானம் ஒருமுறை வெட்டினால் போதும், யாராவது ஒரு பிள்ளையின் அம்மா கைப்பேசியிலிருந்து "ஐயா, லைன் போச்சு!" என்று குரல்பதிவு வந்துவிடும். லைன் திரும்பும்போது ஆட்டம் முடிந்திருக்கும். நேரம் தீர்ந்ததால் தோல்வி.

நேர விதியை நான் மதிக்கிறவன். கடிகாரம் வருவதற்கு முன் ஒரே நகர்த்தலுக்கு மணிக்கணக்கில் யோசித்து எதிராளியைக் களைப்படைய வைத்தவர்கள் இருந்தார்கள். 1883 லண்டன் போட்டியில் வந்த இரட்டைக் கடிகாரம் அதற்கு முடிவு கட்ட உதவியது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியில் கருணையும் உண்டு. என் நேரம் தீர்ந்தாலும், எதிராளியிடம் ராஜா மட்டுமே இருந்தால் ஆட்டம் சமன். ஆனால் அவரிடம் ஒரு குதிரையும் என்னிடம் ஒரு சிப்பாயும் இருந்தால்? என் சிப்பாயே என் ராஜாவின் வழியை அடைத்து மேட் ஆகும் நிலையைக் கற்பனை செய்ய முடியும் என்பதால் ஃபிடே கணக்கில் நான் தோற்றவன். இணையத்தில், லிசெஸ் தளத்திலும் தோல்வி, செஸ்.காம் தளத்தில் சமன். இரண்டிலும் ஆடும் பிள்ளைக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

இவையெல்லாம் யோசித்துச் செலவழித்த நேரத்துக்கான விதிகள். லைன் அறுந்தால் கடிகாரம் யோசனையை அளப்பதில்லை. 2020இல் நடந்த முதல் இணையச் சதுரங்க ஒலிம்பியாட் இதை உலகத்துக்கே காட்டியது. காலிறுதியில் இந்தியாவின் நிஹால் சரினோடு ஆடிய ஆர்மீனியர் ஹைக் மார்டிரோசியனின் இணைப்பு அறுந்தது, தோல்வி. முறையீடு தள்ளுபடியாக, ஆர்மீனிய அணி போட்டியை விட்டே விலகியது. இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று, இந்தியாவுக்கு ரஷ்யாவுடன் இறுதிச் சுற்று. இப்போது இணைப்பு இழந்தவர்கள் அதே நிஹாலும் திவ்யா தேஷ்முக்கும். உலகின் பல நாடுகளில் இணையம் தடுமாறிய நாள் என்பதால் இந்தியாவின் முறையீடு தள்ளுபடியாகவில்லை. ஃபிடே தலைவர் இரு அணிகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார். ஆனந்தும் பிரக்ஞானந்தாவும் இருந்த அணி வென்றதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் ஆர்மீனியர் பக்கம் என் மனம் சாய்கிறது. கோளாறு உலகளவில் இருந்தால் நியாயம், ஒரு வீட்டளவில் இருந்தால் அநியாயமா? பலகை முன் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டும் ஒன்றே.

அதற்காக விதியை முழுக்கத் தளர்த்தவும் முடியாது. தோற்கப்போகிறவர் வேண்டுமென்றே இணைப்பைப் பிடுங்கிவிடுவார். விதி நின்றுவிடும் இடத்தில் மனிதர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதே 2020இல் செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் அரையிறுதியில் டிங் லிரேன் இணைப்பு அறுந்து ஓர் ஆட்டத்தை இழந்தார். அடுத்த ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவருடைய எதிராளி கார்ல்சன் தன் ராணியை வெட்டக் கொடுத்துவிட்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். கணக்கு நேரானது. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. நம் பிள்ளைகளும் தங்களால் முடிந்த அளவில் அப்படிச் செய்யலாம். லிசெஸ் தளத்தில் எதிராளிக்குப் பதினைந்து விநாடி கூட்டிக்கொடுக்கும் பொத்தான் இருப்பதைப் பல பிள்ளைகள் கவனித்ததே இல்லை. நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

தமிழ்ப்பள்ளிகளுக்கு இணையப் போட்டி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெறும் பத்து நிமிட ஆட்டம் வைக்காதீர்கள். நகர்த்தலுக்கு ஐந்து விநாடியாவது கூட்டுங்கள். லைன் போனால் ஒருமுறை மட்டும், நின்ற நிலையிலிருந்து, மீதமிருந்த நேரத்தோடு ஆட்டத்தைத் தொடர விடுங்கள். இரண்டாம் முறை போனால் தோல்வி என்பதையும் சேர்த்து, முதல் சுற்றுக்கு முன்பே பெற்றோருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.