வாரம் ஒரு நாள் வந்த கருப்பு

பாண்டி பஜாரில் அப்போது வரிசையாக இருந்த சிடி கடைகளில் ஒன்றில்தான் அதைப் பார்த்தேன். பக்திப் பாடல்களுக்கும் நகைச்சுவைக் காட்சித் தொகுப்புகளுக்கும் நடுவில், முதுகு மட்டும் தெரியும்படி செருகி வைத்திருந்தார்கள்: ‘மர்மதேசம் – விடாது கருப்பு’. கடைக்காரரிடம் இது முழுசா, எல்லா வாரமும் இருக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் உறையைத் திருப்பிக் காட்டினார். மாதக் கடைசி. கையில் இருந்ததைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, மாம்பலம் ஸ்டேஷன் வரைக்கும் பையை மார்போடு அணைத்தபடி நடந்தேன்.

டிவிடிக்கு அது நல்ல காலத்தின் வால்பகுதி. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று படங்களைச் சந்தையில் இறக்கிய பிறகு, பலசரக்குக் கடை வாசலில்கூட வட்டுகள் தொங்க ஆரம்பித்திருந்தன. ஆனால் சினிமாப் படம் கிடைத்த அளவுக்குத் தொலைக்காட்சித் தொடர் கிடைக்காது. ஒருமுறை ஒளிபரப்பி முடிந்ததை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதுதான் வியாபாரிகளின் கணக்கு. நான் வாங்குவேன் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? பர்மா பஜாரில், ரிச்சி தெருவில், மதுரைக்குப் போகும்போதெல்லாம் டவுன்ஹால் ரோட்டில் என்று கேட்டு அலைந்த தொடர் அது. ‘சித்தி’ வேணுமா, ‘மெட்டி ஒலி’ வேணுமா என்பார்கள். கருப்பு மட்டும் யாரிடமும் இருக்காது.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். பெரியாற்றுத் தண்ணீர் கால்வாயில் வரும். வந்தால் நெல், வராவிட்டால் கடலை. சன் டிவி 1993 ஏப்ரல் 14இல் தொடங்கியது என்றாலும், எங்கள் தெருவுக்குக் கேபிள் கம்பி வந்துசேர இன்னும் சில வருடம் பிடித்தது. வந்தபோதும் ஒரே வீட்டுக்குத்தான் வந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் வீடு. ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்றால்தான் தெரியும். சாலிடேர் பெட்டி. அதைக் கூடத்திலிருந்து திண்ணையைப் பார்க்கத் திருப்பி வைப்பார்கள். பெண்கள் திண்ணையில், ஆண்கள் வாசல் மண்ணில், பிள்ளைகள் கிடைத்த இடுக்கில்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் தோட்டக்காரமங்கலம் என்ற ஊர் வந்து இறங்கியது. அங்கே தப்புச் செய்கிறவனைக் கருப்பு விடாது. இரவில் வெள்ளைக் குதிரையில் வரும். விடிந்தால் ஒரு பிணம் கிடக்கும். நகரத்திலிருந்து வந்த ரீனா என்ற பெண் இதையெல்லாம் நம்பாமல் கேள்வி கேட்டுக்கொண்டே போவாள். இன்னொரு பக்கம் ராசு என்ற சிறுவனின் கதை ஓடும். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, மதுரைக்காரராகவே ஆகிவிட்ட இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்து, நாகாவின் இயக்கம். இதற்கு முன் அதே வரிசையில் வந்த ‘ரகசியம்’ நவபாஷாண லிங்கத்தையும் கால பைரவரையும் வைத்து ஊரை உலுக்கியிருந்தது. அது எங்களுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த பயம். சித்தர், மூலிகை, லிங்கம் என்று பெரிய மனிதர்களுடைய பயம். கருப்பு அப்படியில்லை. கருப்பு எங்கள் கண்மாய்க்கரையில் நின்றார்.

இதைச் சொல்லாமல் அந்தத் தொடரைப் பற்றிப் பேச முடியாது. அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு உருவம் இல்லை. பூட்டிய பெருங்கதவுகள்தான் சாமி. சந்தனம் பூசிய கதவுகள். பொய்ச் சத்தியம் செய்ய அந்தக் கதவுக்கு முன்னால் எவனுக்கும் வாய் வராது. சித்திரையில் மதுரைக்குப் புறப்படும் அழகரே, கருப்பின் சன்னிதியில் தன் நகைக் கணக்கை வாசிக்கச் சொல்லி, உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போவார். பெருமாளே கணக்கு ஒப்பிக்கிற இடம் அது. எங்கள் ஊரிலோ புரவி எடுப்பு உண்டு. வேளார் வீட்டிலிருந்து சுட்ட மண் குதிரைகளைத் தோளில் தூக்கி வந்து கருப்புக்கு முன்னால் வைப்பார்கள். பழைய குதிரைகள் காலுடைந்து, காதுடைந்து, மழையில் கரைந்து பக்கத்திலேயே நிற்கும். ராத்திரி அவற்றில் ஏறித்தான் கருப்பு வேட்டைக்குப் போகும் என்பது எங்களுக்குப் பாடப் புத்தகத்துக்கு முன்பே தெரிந்த செய்தி. ஆகவே திரையில் குளம்புச் சத்தம் கேட்டபோது, அது மெட்ராஸில் யாரோ போட்ட சத்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் அப்பத்தா செருப்புப் போட்டவள் அல்ல. போட்டிருந்தால் அந்தக் குதிரை வந்ததும் கழற்றியிருப்பாள். வெள்ளைக் குதிரை வரும் ஒவ்வொரு முறையும் திண்ணையிலிருந்து எழுந்து, முந்தானையை இழுத்துவிட்டுக் கும்பிடுவாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்து எழுந்து நிற்கிறோம் என்று ஒருவரும் வெட்கப்பட்டதில்லை.

வாரம் ஒரு நாள்தான் வரும். அரை மணி நேரம், அதிலும் விளம்பரம். முடியும்போது யாராவது ஒருவர் கத்துவார், அல்லது கதவு திறக்கும், அல்லது சும்மா ஒரு முகம் திரும்பும், அவ்வளவுதான், தொடரும். அதற்குப் பிறகு ஏழு நாள். நான் இன்று நினைத்து ஏங்குவது அந்த ஏழு நாளைத்தான். மறுநாள் களையெடுப்பில் அதே பேச்சு. மோட்டார் கொட்டகையில் அதே பேச்சு. யார் கருப்பு, யார் மேல் வருகிறது, அந்தக் கிழவிக்கு என்ன தெரியும். இரண்டாம் நாளே பேச்சு தோட்டக்காரமங்கலத்தை விட்டு எங்கள் ஊருக்கு வந்துவிடும். வரப்பை வெட்டி நகர்த்தியவனுக்குக் கை விளங்காமல் போன கதை. கோயில் மரத்தில் கிளை ஒடித்துவிட்டு மூன்று மாதம் பிதற்றிய ஆள். சுருட்டுப் புகை மணந்த இடத்தில் நிற்காமல் வந்துவிட்ட வண்டிக்காரர். இந்தக் கதைகளையெல்லாம் அதற்கு முன் எங்களிடம் யாரும் இவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை. தொடர்தான் பெரியவர்களின் வாயைத் திறந்துவிட்டது. ஒரு வாரம் கரண்டு போய்ப் பார்க்க முடியாமல் ஆகிவிட்டால், பக்கத்து ஊரில் பார்த்துவிட்டு வந்தவரை உட்கார வைத்து, காபித்தண்ணி கொடுத்து, முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். அவர் சொன்ன வாரங்களில் குதிரை இன்னும் வேகமாக ஓடியது.

சென்னையில் வாங்கிய டிவிடியை ஒரு சனி, ஞாயிறுக்குள் பார்த்து முடித்தேன். விளம்பரம் நீங்கினால் ஒரு வாரத்தின் கதை இருபது நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். 4.7 ஜிபி வட்டில் படம் தெளிவாக இருக்க வேண்டுமானால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடைக்கக் கூடாது. அதற்கு மேல் அடைத்தால் இருட்டுக் காட்சிகள்தான் முதலில் கட்டம் கட்டமாக உடையும். கருப்பு வருவதோ இருட்டில். சில காட்சிகளில் குதிரை தெரிந்தது, சிலவற்றில் குதிரை இருக்க வேண்டிய இடம் தெரிந்தது. எனக்கு அது போதும். ஒலி மட்டும் அப்படியே இருந்தது. முகப்பு இசை தொடங்கியதும் சென்னையில் நாலாவது மாடியில் மயிர்க்கூச்செறிந்து உட்கார்ந்திருந்தேன்.

தொடர்ச்சியாகப் பார்த்தபோது, சிறுவயதில் பிடிபடாத ஒன்று பிடிபட்டது. ராசுவின் கதையும் ரீனா வந்து பார்க்கும் கதையும் அடுத்தடுத்து ஓடினாலும் இரண்டும் ஒரே காலம் அல்ல. பழைய வாழ்க்கை ஒன்று, அதன் விளைவு இன்னொன்று. திரையில் ஆண்டு எதுவும் எழுதிக் காட்டாமல், பார்க்கிறவர் தானாக உணரட்டும் என்று நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் விட்டிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை, கேபிள் வந்த புதிதில், ஊர் ஊராக உட்கார்ந்து பார்த்த கூட்டத்தை நம்பி அப்படிக் கதை சொல்ல எவ்வளவு மரியாதை வேண்டும்! அதற்குப் பிறகு வந்த எத்தனையோ பேய்த் தொடர்களில் எனக்குக் கிடைக்காதது அந்த மரியாதைதான். இதே நாகாதான் ‘ரமணி வெர்சஸ் ரமணி’ எடுத்து வீடு வீடாகச் சிரிக்க வைத்தார். ஒரு கை இரண்டையும் செய்திருக்கிறது. பயமுறுத்த அவர் இருட்டை மட்டும் நம்பவில்லை. பட்டப்பகல் வெயிலில், ஆள் இல்லாத ஊர்த்தெருவை அவர் காட்டும்போது வயிறு கலங்கும்.

முடிவைப் பற்றி ஊரில் நடந்த சண்டையும் நினைவுக்கு வந்தது. சாமி என்று நினைத்த ஒன்றுக்குப் பின்னால், பிளவுபட்ட ஒரு மனித மனம் இருந்ததாகக் கதை முடியும். அதே சமயம் கருப்பு இல்லை என்றும் அது அடித்துச் சொல்லாது. பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு முதல் பாதி பிடித்தது. அப்பத்தாவுக்கு இரண்டாவது பாதி. “மனுசன் மேலதான சாமி வரும், மரத்து மேலயா வரும்?” என்று கேட்டு, வாத்தியார்களின் வாதத்தை ஒரே வரியில் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கதாசிரியர் விட்டுவைத்த அந்தச் சின்ன இடுக்கில் அவள் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்தப் பொங்கலுக்கு வட்டுகளை ஊருக்குக் கொண்டுபோனேன். வீட்டில் அப்போது கலர் டிவி இருந்தது, டிவிடி பிளேயரும் இருந்தது. அப்பத்தாவுக்குக் கண்புரை அறுத்திருந்தார்கள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார வைத்து, முதல் வட்டைப் போட்டேன். குதிரை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே கையெடுத்தாள். ஒரு வாரம் முடிந்து அடுத்த வாரம் தானாகவே ஓட ஆரம்பித்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏண்டா அப்பு, அதுக்குள்ள அடுத்ததா?”

“ஆமா அப்பத்தா. எல்லாம் இதுலயே இருக்கு. விடிய விடியப் பாக்கலாம்.”

“ஒத்தையில உக்காந்து பாக்குற கதையாடா இது? மிலிட்டரி வீட்டுல எல்லாரும் எங்கிட்டுப் போனாக?”

அவர்கள் திருப்பூருக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. அது அவளுக்கும் தெரியும். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் அவள் பார்க்கவில்லை. மீதிக் கதையை எனக்கு அவளே சொன்னாள், அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு. அவள் சொன்னதில் பாதி தொடரில் இல்லாதது. வரப்பு வெட்டியவனும் வண்டிக்காரரும் தோட்டக்காரமங்கலத்துக்குக் குடிபோயிருந்தார்கள். நான் திருத்தவில்லை. அடுத்த புரவி எடுப்புக்கு அவள் இல்லை.

வட்டுகளில் இரண்டு இப்போது இடையில் நின்று நின்று ஓடுகின்றன. அவற்றைப் போட என் மடிக்கணினியில் இடமும் இல்லை. மோசர் பேயர் கம்பெனியே திவாலாகி, 2018இல் அதைக் கலைக்க உத்தரவாகிவிட்டது. தொடர் யூடியூபில் இருக்கிறது. அதன் கீழே, என் வயதுக்காரர்கள் தங்கள் ஊர்த் திண்ணைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் நான் வட்டுகளைத் தூக்கிப் போடவில்லை, போடவும் மாட்டேன். அப்பத்தா கையெடுத்துக் கும்பிட்ட கருப்பு அந்த வட்டிலிருந்து வந்தவர்.

மின்பிம்பங்களை நடத்திய பாலகைலாசமும் அவருடைய தந்தை பாலசந்தரும் 2014இல் சில மாத இடைவெளியில் மறைந்தார்கள். சிறுவன் ராசுவாக வந்த லோகேஷ் 2022இல் போனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று, திரையில் அவர் ஓடிவரும் தெருதான் கண்ணுக்குள் நின்றது. 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். ‘விட்டு விடு கருப்பா’ என்று அவர் எழுதிய நாவல்தான் இந்தத் தொடருக்கு மூலம். அவரிடம் போய், எங்கள் ஊர்க் கருப்புக் கதைகள் உங்களுக்கு எப்படித் தெரிந்தன என்று கேட்க எனக்கு ஆசை இருந்தது. மதுரையில்தான் இருந்தார், ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.

நாகா இருக்கிறார். இந்தத் தொடரில் சேர்ந்து நடித்துப் பிறகு மணமுடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் இன்னும் நடித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் ஒளிப்பதிவு நாடாக்கள் எங்காவது நல்ல நிலையில் இருந்தால், அவற்றிலிருந்து ஒழுங்காகப் பிரதி எடுக்க வேண்டும். இவர்களை உட்கார வைத்து, எந்த ஊரில் எடுத்தார்கள், குதிரைக்கு யார் பாகன், அந்த ஊர்க்காரர்கள் படப்பிடிப்பில் கருப்பைக் கண்டபோது என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பதிய வேண்டும். வெளியிடுகிறவர்கள் அதை எந்த வடிவத்தில் கொண்டுவந்தாலும் சரி, காசு கொடுத்து வாங்க நான் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.