கடல் கடந்த தீக்குழி

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது கிளியனூர். இவ்வட்டாரத்திலும் மேற்கே செஞ்சிப் பக்கத்திலும் திரௌபதி அம்மன் கோயில்கள் மிகுதி. செஞ்சியை அடுத்த மேலச்சேரியே இவ்வழிபாட்டின் தாயகம் என்பர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இதுபற்றிப் பெருநூல் எழுதி, அதன் முதற்பகுதியை 1988இல் வெளியிட்டார்.

பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து எனப் பல நாள் நடக்கும் விழாவின் இறுதி நாள் படுகளம். தரையில் மண்ணால் வனைந்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். கூத்தர் பீமனாக வந்து அவன் தொடையைப் பிளப்பார். சபதம் நிறைவேறிய திரௌபதி தன் கூந்தலை முடிப்பாள். அன்று மாலையே தீமிதி.

சென்ற கோடையில், கிளியனூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் அதைக் கண்டேன். எரிந்தடங்கிய விறகின் தணலைக் கழிகளால் பரப்பிச் சமன்செய்தார்கள். பத்தடி தள்ளி நின்றும் முகம் சுட்டது. பம்பையும் உடுக்கையும் முழங்க, பூங்கரகம் தாங்கியவர் சுழன்றாடி வந்து முதலில் இறங்கினார். மஞ்சள் ஆடையும் கையில் காப்புமாக மற்றவர்கள் தொடர்ந்தனர்.

தணல் வெப்பத்தை மெல்லவே கடத்தும். விரைந்து நடப்பவரின் பாதம் ஒவ்வோர் அடியிலும் நொடிப்பொழுதே அதில் படும். எனினும் தடுக்கி விழுந்தால் நெருப்பு நெருப்புதான். கைக்குழந்தையோடு இறங்கிய தந்தை ஒருவரைக் கண்டு என் நெஞ்சு பதைத்தது. பிறர் பக்தியை நான் மதிக்கிறேன். ஆயினும் பேசத் தெரியாத பிள்ளையை அதில் கொண்டுசெல்வதை ஏற்க இயலவில்லை.

அருகில் நின்ற முதியவரிடம், ரீயூனியன் தீவிலும் இவ்விழா உண்டு என்றேன். "அங்கேயுமா சாமி?" என்று வியந்தார். 1848இல் அத்தீவில் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து நம் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். பேரப்பிள்ளைகள் தமிழை மறந்தனர், பாஞ்சாலியை மறக்கவில்லை. 'பாண்டியாலே' என்ற பெயரில் அவளுக்கு இன்றும் தீ மிதிக்கிறார்கள்.

அவர்களுள் பலர் திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர். பிள்ளைக்கு ஆலயத்தில் ஞானஸ்நானம், விழாக்காலத்தில் கையில் காப்பு. இது சரியா என்று முதியவர் கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு.

"கூத்தும் கட்டுறாங்களா சாமி?"

கட்டுகிறார்கள். பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ப் பாட்டை, பொருள் அறியாமலே பலர் விடியும்வரை பாடுகிறார்கள்.